பதினொரு நிமிடம்

முப்பத்திரண்டு பக்கம் கொடுத்திருந்தார்கள்.
ஆறிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு.
பக்கத்துக்கு நாற்பது சொல், அதற்கு மேல் ஆகாது.
அதற்குள் ஒரு பெண்ணைப் பிறக்கவைத்து,
கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்து,
ஊர் சிரித்ததைச் சொல்லி
வாயை மூடிக்கொண்டதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்விரா பெந்தன்கூர்.
பைசாந்தூவில் கம்பளிக் கிடங்குக்கு லாரி ஓட்டியவள்.
ஐம்பத்தெட்டாம் வருஷம்
உருகுவேயை மண்சாலையில் சுற்றிவரும் பந்தயத்தில்
பழைய போர்டு கூபே ஒன்றோடு வந்து நின்றாள்.
நாற்பத்தியொரு கார். ஒரே பெண்.
இரண்டாவதாக வந்தாள்.

மொந்தேவிதேயோவில் என் எடிட்டர் கிரிசெல்தா
சிவப்புப் பேனா வைத்திருந்தாள். நல்லவள்தான்.
ஒன்பதாம் பக்கத்தில் புருஷன் விட்டுப்போனதை அடித்தாள்.
பதினான்கில் காருக்குக் குறுக்கே வந்த ஆட்டுக்கிடாயை
"உயிரோடு ஓடவிடு" என்றாள்.
விட்டேன்.
இன்றைக்கும் அது வாட்டர்கலர் புல்லை மேய்கிறது.
பக்கத்து இருக்கையில் வழி சொன்ன ருஃபீனோவுக்குக்
கல் தெறித்து ஒரு கண் போனது.
படத்தில் இரண்டும் இருக்கின்றன,
இரண்டும் சிரிக்கின்றன.
கடைசிப் பக்கத்தில்
"அவள் ஒருபோதும் மனம் தளரவில்லை" என்று
நான் எழுதவில்லை.
அச்சாகி வந்தபோது இருந்தது.

தக்குவரெம்போவில் ஒரு பள்ளிக்கூடம்.
தகரக் கூரையில் மழை. கத்திக் கத்தி வாசித்தேன்.
கேள்வி உண்டா என்றேன்.
எவ்வளவு வேகம், என்ன பரிசு, கார் இப்போது எங்கே,
வழக்கமானவை.
பிறகு ஜன்னலோரம் யாமிலா என்ற ஒருத்தி,
கையைத் தூக்காமலே:
"எண்ணூறு கிலோமீட்டர்ல
அவங்க எங்க ஒண்ணுக்குப் போனாங்க?"

வகுப்பே சிரித்தது. டீச்சர் அதட்டினாள்.
யாமிலா சிரிக்கவில்லை.
அந்தச் சாலையை அறிந்த முகம் அது.
மரம் கிடையாது, புதர் கிடையாது,
இடுப்பளவு வேலிக் கம்பி,
அதற்கப்பால் வானம் வரைக்கும் புல்.
எனக்குத் தெரியவில்லை என்றேன்.
மூன்று வருஷம் அவளைப் பற்றியே படித்தவன்.

திரும்பிப் போய்ப் பழைய நேரத்தாள்களைப் பிரித்தேன்.
துராஸ்னோவுக்கும் சரந்திக்கும் நடுவே
பதினொரு நிமிடம் கூடுதல்.
பத்திரிகைகள் இன்ஜின் கோளாறு என்றன.
ஒன்று மட்டும், பெண் கைக்கு இன்ஜின் படியாது என்றது.
மெக்கானிக்கின் தாளிலோ இன்ஜினில் ஒரு குறையும் இல்லை.
ருஃபீனோ தங்கைக்கு எழுதிய கடிதம் கிடைத்தது:
ஒரு பண்ணை வீட்டைக் கண்டதும் நிறுத்தினாள்.
கக்கூஸ் பட்டிக்கும் பின்னால், நடை தூரம்.
வீட்டுக்காரி அவள் கண்ணாடியைக்
கழுவித் துடைத்து வைத்திருந்தாள்.
நான் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
சாலையில் மூன்று புழுதி போனது. எண்ணினேன்.

அவள் தோற்றது ஒன்பது நிமிடத்தில்.
ஜெயித்தவன் சாலையோரம் நாலு தரம் நின்றானாம்,
தரத்துக்கு அரை நிமிடம்.

கிரிசெல்தாவுக்குப் போன் செய்தேன்.
இரண்டாம் பதிப்பில் சேர்ப்போம், நாற்பதே சொல் என்றேன்.
நீண்ட மௌனம்.
"ஒண்ணுக்கா? நூலகங்கள் வாங்காது."
பிறகு குரலைத் தாழ்த்தி,
"பஸ்ஸில் போகும்போது நானும் தண்ணீர் குடிப்பதில்லை" என்றாள்.
ஆனாலும் மாட்டேன் என்றுதான் வைத்தாள்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது
பள்ளி அலமாரியிலிருந்த பிரதியை எடுத்து
இருபத்தொன்றாம் பக்கத்தில்,
ஓவியர் வானத்துக்கென்று விட்ட வெள்ளையில்
பென்சிலால் எழுதினேன்:
பண்ணை, பட்டி, கழுவிய கண்ணாடி, கோழிகள்.
முப்பத்தெட்டுச் சொல்தான் ஆனது.

டீச்சர் நேற்று ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள்.
யாரும் அழிக்கவில்லை.
என் எழுத்துக்குக் கீழே கிரேயானில் ஒரு கதவு,
உள்ளிருந்து போட்ட தாழ்ப்பாளோடு.
வாசலில் ஒரு கோழி,
மூன்று காலில் காவல் நிற்கிறது.